தன்னைத் தானே அடித்துக்கொண்டவள்

ஒரு சிற்றூரின் சந்தையில் பெண்கள் சிலர் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். காவலர்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. தாமதமாக வந்தவர்கள் கைக்கு அகப்பட்ட ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவளுக்குச் சண்டையில் பங்கில்லை. பிரம்படி மட்டும் கிடைக்கிறது. இரண்டு நாள் அவளால் உட்கார முடியவில்லை.

நிகோலாய் கோகலின் ‘ரெவிசோர்’ (தணிக்கை அதிகாரி) நாடகத்தில் இது மேடையில் நடப்பதில்லை. அடி வாங்கியவளே நான்காம் அங்கத்தில் வந்து சொல்கிறாள். சில வரிகள் பேசுகிறாள், போகச் சொல்கிறார்கள், போய்விடுகிறாள். பாத்திரப் பட்டியலில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. ஒரு சார்ஜெண்டின் மனைவி என்று மட்டும் இருக்கிறது. ஆனால் ருஷ்ய இலக்கியத்தை ஒரு பக்கம்கூடப் படிக்காத ருஷ்யர்களுக்கும் அவளைத் தெரியும். தன்னைத் தானே அடித்துக்கொண்ட சார்ஜெண்ட் விதவை என்று அவளைச் சொல்வார்கள். அந்தப் பேச்சு வழக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அங்கே புழங்கி வருகிறது.

‘ரெவிசோர்’ பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்தை நிரப்பும். அவற்றில் பெரும்பகுதி போலி அதிகாரி க்லெஸ்தகோவையும், ஏமாறும் நகர அதிகாரியையும், கடைசியில் எல்லோரும் உறைந்து நிற்கும் மௌனக் காட்சியையும் பற்றியது. இது அரசியல் அங்கதமா, அறநெறி உருவகமா, அல்லது ஒரு கனவா என்ற வாதம் நாடகம் அரங்கேறிய நாளிலிருந்து ஓயவில்லை. அந்த வாதத்தை இந்தச் சிறு பாத்திரத்தின் பக்கத்தில் நின்று மறுபடி பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நாடகத்துக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் எது நிற்கும், எது நிற்காது என்பதை இவளை வைத்துத்தான் சோதிக்க முடியும்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். தலைநகரிலிருந்து தணிக்கை அதிகாரி ஒருவர் மாறுவேடத்தில் வருகிறார் என்ற செய்தி ஒரு மாவட்ட ஊரை எட்டுகிறது. ஊர் விடுதியில் பணமில்லாமல் சிக்கிக் கிடக்கும் க்லெஸ்தகோவ் என்ற இளைஞனை அந்த அதிகாரி என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். அவனோ பதினான்கு படிநிலைகள் கொண்ட ருஷ்ய அரசுப் பணியின் கடைசிப் படியில் இருப்பவன். ஊர் அதிகாரிகள் ஒவ்வொருவரும் அவனுக்குக் ‘கடன்’ கொடுக்கிறார்கள். அவன் நகர அதிகாரியின் மகளுக்கு நிச்சயம் பேசிவிட்டு வண்டியேறிப் போய்விடுகிறான். அஞ்சல் அதிகாரி பிரித்துப் படித்த அவன் கடிதத்தால் உண்மை வெளிவருகிறது. அந்த நேரத்தில் உண்மையான அதிகாரி வந்து இறங்கியிருப்பதாக ஒரு காவல் வீரன் வந்து அறிவிக்கிறான்.

கோகல் 1835 அக்டோபரில் புஷ்கினுக்குக் கடிதம் எழுதி ஒரு நகைச்சுவை நாடகத்துக்குக் கரு கேட்டார். அடுத்த ஏப்ரல் 19ஆம் தேதி, பழைய நாட்காட்டிப்படி, பீட்டர்ஸ்பர்க் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் நாடகம் மேடையேறியது. கவிஞர் ஷுகோவ்ஸ்கி அரண்மனையில் எடுத்துச் சொல்லியிருந்ததால் தணிக்கைத் தடை விலகியது. முதல் நாள் காட்சிக்குப் பேரரசர் முதலாம் நிக்கலாயே வந்து சிரித்தார். எல்லோருக்கும் கிடைத்தது, எல்லோரையும்விட எனக்குத்தான் அதிகம் என்று அவர் சொன்னதாகக் கூறப்படுகிறது.

அந்தப் பெண்ணை நாடகம் எப்படிக் கொண்டுவருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் மேடையில் தோன்றும் முன்பே அவளைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிடுகிறோம். போன பிறகு மூன்றாவது முறை. மூன்றும் நகர அதிகாரியின் வாயிலிருந்துதான் வருகின்றன.

முதல் அங்கத்தில், விடுதியில் தங்கியிருக்கும் இளைஞன் இரண்டு வாரமாக ஊரில் இருக்கிறான் என்று தெரிந்ததும் நகர அதிகாரி பதறிப்போகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழாமல் தனக்குள் சொல்லிக்கொள்கிறார்: இந்த இரண்டு வாரத்தில் சார்ஜெண்டின் மனைவி அடிக்கப்பட்டாள், கைதிகளுக்கு உணவு வழங்கப்படவில்லை, தெருக்களில் குப்பை. யார் அடித்தார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. மழை பெய்ததைச் சொல்வது போல அடி விழுந்ததைச் சொல்கிறார். ஆனால் நடந்தது என்று ஒப்புக்கொள்கிறார். தனக்குள் பேசும் அதிகாரி உண்மையை இவ்வளவு தூரம்தான் சொல்வார், அதையும் தனக்கு மட்டும்தான் சொல்வார்.

இரண்டாம் அங்கத்தில் விடுதி அறையில் க்லெஸ்தகோவின் முன் நிற்கிறார். அவன் கேட்காமலே அந்தப் பேச்சை எடுக்கிறார். வியாபாரம் செய்துவரும் ஒரு சார்ஜெண்டின் மனைவியை நான் அடித்ததாகச் சொல்வது அவதூறு, என் உயிரையே பறிக்கத் துணிந்த எதிரிகள் கட்டிவிட்டது என்கிறார். நடந்த சம்பவம் இப்போது குற்றச்சாட்டு ஆகிவிட்டது. குற்றச்சாட்டுக்குப் பின்னால் ஒரு சதி முளைத்துவிட்டது.

நான்காம் அங்கத்தில், மனுதாரர்கள் வந்துபோன பிறகு, மூச்சிரைக்க ஓடிவருகிறார். அவள் பொய் சொல்கிறாள், அவளை நான் அடிக்கவில்லை, அவளேதான் தன்னை அடித்துக்கொண்டாள் என்கிறார்.

நடந்தது, நடந்ததாகச் சொல்லப்படுவது, பாதிக்கப்பட்டவளே செய்துகொண்டது. மூன்றே படிகள். அதிகார மொழி ஒரு கொடுமையை எப்படிக் கரைக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன மேடை நாடகம் வேறொன்று எனக்குத் தெரியாது. கோகல் இதைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லவில்லை, ஒரு பாத்திரத்தையும் விட்டுச் சொல்ல வைக்கவுமில்லை. மூன்று வாக்கியங்களையும் மூன்று அங்கங்களில் தூரத் தூர வைத்துவிட்டார். அதனால் அரங்கில் உட்கார்ந்திருப்பவர் கடைசி வாக்கியத்துக்கு வெடித்துச் சிரிக்கிறார். முதல் வாக்கியம் அவருக்கு நினைவிருந்தால் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

இரண்டாம் அங்கத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘அடித்தேன்’ என்ற பேச்சு காதில் விழுந்ததும் க்லெஸ்தகோவ் நடுங்குகிறான். விடுதிக் கடனைக் கட்டாததற்குத் தன்னையும் அடிக்கப் போகிறார்களோ என்று நினைக்கிறான். சார்ஜெண்டின் மனைவி வேறு, நான் வேறு, என்னை அடிக்க உங்களுக்குத் துணிவு வராது என்று வீராப்புக் காட்டுகிறான். அவளை அடித்தது சரியா என்ற கேள்வி அவனுக்கு எழவே இல்லை. அடிபடக்கூடியவர்கள் ஒரு பக்கம், அடிபட முடியாதவர்கள் இன்னொரு பக்கம். தான் எந்தப் பக்கம் என்பது மட்டுமே அவன் கவலை. அந்தக் கவலைக்குச் சட்டத்திலேயே வேர் இருந்தது. இரண்டாம் காத்தரீன் 1785இல் வெளியிட்ட சாசனங்கள் பிரபுக்களுக்கும் முதலிரண்டு வகுப்பு வணிகர்களுக்கும் உடல் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தன. உழவர், படைவீரர், நகரத்து ஏழைகள் ஆகியோரின் முதுகுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் நான்காம் அங்கத்தின் மனுக் காட்சிகள் வேறு விதமாகத் தெரியும். முதலில் வணிகர்கள் வருகிறார்கள். கையில் சர்க்கரையும் மதுவும் இருக்கின்றன. நகர அதிகாரி கடையில் கண்டதையெல்லாம் எடுத்துக்கொள்கிறார் என்றும், தன் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுக்குக் காணிக்கை வாங்கியது போதாமல் வேறொரு புனிதரின் நாளுக்கும் கேட்கிறார் என்றும் புலம்புகிறார்கள். எதிர்த்துப் பேசினால் அவர் என்ன செய்வார் என்பதையும் சொல்கிறார்கள். உடல் தண்டனையும் சித்திரவதையும் சட்டப்படி தடை என்று அவரே நினைவூட்டிவிட்டு, உனக்கு ஹெர்ரிங் மீன் தின்னக் கொடுக்கிறேன் என்பாராம். உப்பில் ஊறிய மீனைத் தின்ன வைத்துத் தண்ணீர் தராமல் விடுவது அந்த மிரட்டலின் பொருள். சித்திரவதை ருஷ்யாவில் 1801இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது. நகர அதிகாரிக்குச் சட்டம் நன்றாகத் தெரியும். எந்த உடம்பின் மேல் எதைச் செய்யலாம் என்ற கணக்கு அவரிடம் துல்லியமாக இருக்கிறது. வணிகனுக்கு மீன், ஏழைப் பெண்ணுக்குப் பிரம்பு.

வணிகர்களிடம் க்லெஸ்தகோவ் முந்நூறு ரூபிள் கடன் கேட்கிறான். அவர்கள் ஐந்நூறு கொடுக்கிறார்கள். பிறகு இரண்டு பெண்கள் காலில் விழுகிறார்கள். நீங்கள் யார் என்று கேட்கிறான். சார்ஜெண்டின் விதவை இவனோவா என்று அவள் தன் பெயரைச் சொல்கிறாள். பாத்திரப் பட்டியல் தராத பெயர் அவள் வாயிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது. ருஷ்யாவில் அதைவிடச் சாதாரணமான குடும்பப் பெயர் இருக்க முடியாது.

கூட வந்தவள் பூட்டுத் தொழிலாளியின் மனைவி பஷ்லியோப்கினா. அவளுக்கு வாய் ஓயாது. அவள் கணவனை முறை தவறிப் படைக்குப் பிடித்துக்கொடுத்துவிட்டார் நகர அதிகாரி. அக்காலத்தில் படைக்குப் போவது இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு வீட்டை மறப்பது. போயிருக்க வேண்டியவன் தையல்காரர் மகன். அவன் பெற்றோர் நல்ல பரிசு கொடுத்துவிட்டார்கள். அடுத்த முறை வணிகப் பெண் ஒருத்தியின் மகனுடையது. அவள் நகர அதிகாரியின் மனைவிக்குத் துணி அனுப்பிவிட்டாள். உன் கணவன் திருடன், இப்போது திருடாவிட்டாலும் எப்படியும் திருடுவான் என்று காரணம் சொல்லி இவனைப் பிடித்திருக்கிறார்கள். நடக்காத குற்றத்துக்கு முன்கூட்டியே தண்டனை. அவள் நகர அதிகாரியையும் அவர் சொந்தபந்தம் எல்லோரையும் சபிக்கிறாள். அந்தச் சாபத்தின் வேகத்தில் அரங்கம் சிரிக்கும்.

அவளுக்கு அடுத்து இவனோவாவின் முறை. தவறுதலாக அடித்துவிட்டார்கள் என்கிறாள். இப்போது அதற்கு என்ன செய்வது என்று க்லெஸ்தகோவ் கேட்கிறான். செய்ய ஒன்றுமில்லைதான் என்று ஒப்புக்கொள்கிறாள். ஆனால் அந்தத் தவறுக்கு அவர் அபராதம் கட்ட வேண்டும், வந்த அதிர்ஷ்டத்தை நான் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், பணம் இப்போது எனக்கு உதவும் என்கிறாள். சரி, சரி, உத்தரவு போடுகிறேன், போங்கள் என்று இருவரையும் அனுப்பிவிடுகிறான்.

இந்த ‘அதிர்ஷ்டம்’ பலரையும் தடுக்கி விழ வைத்திருக்கிறது. பட்ட அடியைப் பணமாக்கப் பார்க்கிறாள், ஆகவே கோகல் அவளையும் கேலி செய்கிறார், அந்த ஊரில் யாரும் யோக்கியமில்லை என்று படிப்பவர்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தோன்றத்தான் செய்யும். ஆனால் அந்த நாடகத்தில் பணம் எப்படிக் கைமாறுகிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். நீதிபதி முந்நூறு, அஞ்சல் அதிகாரி முந்நூறு, பள்ளிக் கண்காணிப்பாளர் முந்நூறு, தர்ம நிலையங்களின் பொறுப்பாளர் நானூறு, இரு நிலக்கிழார்கள் சேர்ந்து அறுபத்தைந்து, வணிகர்கள் ஐந்நூறு, நகர அதிகாரி இரண்டு தவணையாக நானூறு நானூறு. எல்லாம் லஞ்சம். கடன் என்ற பெயரில் கொடுத்தாலும் பயத்தின் விலைதான். இத்தனை பணத்துக்கு நடுவே, தனக்கு நியாயமாகச் சேர வேண்டிய தொகையைக் கேட்பவள் அவள் ஒருத்தி. இன்றைய சொல்லில் அது இழப்பீடு. அதையும் அவள் தன் உரிமை என்று கேட்கவில்லை, அதிர்ஷ்டம் என்று கேட்கிறாள். நியாயம் ஒரு லாட்டரிப் பரிசு மாதிரி எப்போதாவது விழும் என்று மட்டுமே வாழ்க்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. கோகலின் அங்கதம் அங்கே அவளைக் குத்தவில்லை. ஒரு குடிமகளை அப்படிப் பேச வைத்த ஆட்சியைக் குத்துகிறது.

அந்தப் பெண்கள் போனதும் சன்னலில் மனுக்களோடு கைகள் நீள்கின்றன. க்லெஸ்தகோவுக்கு அலுத்துவிட்டது. கதவு திறக்கிறது. முரட்டுக் கம்பளிக் கோட்டு, மழிக்காத தாடி, வீங்கிய உதடு, கட்டுப்போட்ட கன்னம், இப்படி ஓர் உருவம் எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பின்னால் இன்னும் சிலர். வேலைக்காரன் ஓசிப் அந்த உருவத்தை வயிற்றில் கைவைத்துத் தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அந்த மனிதனுக்கு ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. யார் அடித்த உதடு அது என்று நாடகம் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்படி தெர்ஷிமோர்தா என்ற காவலரிடம் சொல்லி வையுங்கள், அவர் ஒழுங்குக்காகக் குற்றவாளி, நிரபராதி என்று பாராமல் எல்லோர் கண்ணையும் வீங்க வைக்கிறார் என்று முதல் அங்கத்திலேயே நகர அதிகாரி சொல்லிவிட்டார்.

சிறு பாத்திரத்தை அரசியல் கேலிக்குப் பயன்படுத்துவது கோகலுக்கு வெகு முன்பே வந்த உத்தி. கி.மு. 414இல் அரிஸ்டோபனிஸ் எழுதிய ‘பறவைகள்’ நாடகத்தில் கடவுளர் அனுப்பும் தூதுக்குழுவில் திரிபல்லியர் கடவுள் ஒருவர் வருகிறார். அவருக்குக் கிரேக்க மொழி சரியாகப் பேச வராது. அவர் உளறும் ஒன்றிரண்டு சொற்களை மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியபடி பொருள்கொள்ள, அந்த வாக்கில்தான் பெரிய முடிவு நிறைவேறுகிறது. இவரைப் போன்றவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் மக்களாட்சி நம்மை எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பொசைடன் நொந்துகொள்கிறார். ஏதென்ஸ் மக்களவையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த அடி யார் மேல் விழுந்தது என்று புரிந்திருக்கும். 1882 நவம்பர் 25இல் லண்டன் சவோய் அரங்கில் மேடையேறிய கில்பர்ட்–சல்லிவனின் ‘அயோலாந்தி’யில் வில்லிஸ் என்ற காவல் சிப்பாய் வெஸ்ட்மின்ஸ்டர் வாசலில் இரவுக் காவல் நிற்கிறார். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் லிபரலாகவோ கன்சர்வேட்டிவாகவோதான் பிறக்கிறது என்றும், உறுப்பினர்கள் வாக்களிக்கும்போது மூளையை வெளியே விட்டுவிட்டுத் தலைவர் சொன்னபடி செய்கிறார்கள் என்றும் நிதானமாகப் பாடுகிறார். இரண்டும் அருமையான சிறு பாத்திரங்கள். ஆனால் திரிபல்லியர் ஒரு கேலிப் பொருள். வில்லிஸ், ஆசிரியர் சொல்ல நினைத்ததைச் சொல்லும் வாய். அதிகாரம் தொட்ட உடம்பு என்று சொல்ல அந்த இருவரிடமும் ஒன்றுமில்லை. அந்த உடம்பை நகைச்சுவை நாடகத்துக்குள் கொண்டுவந்து, அங்கே சிரிப்பும் குறையாமல் பார்த்துக்கொண்டதுதான் கோகல் செய்த புதுமை.

1836இன் பார்வையாளர்களும் விமர்சகர்களும் நாடகத்தை எப்படி வாங்கிக்கொண்டார்கள்? ‘வடதிசைத் தேனீ’ நாளேட்டில் புல்காரின், இப்படி ஓர் ஊர் ருஷ்யாவில் இல்லை, இது வேறெங்கோ உள்ளது என்று அடித்துப் பேசினார். புஷ்கினின் ‘சமகாலத்தவன்’ இதழில் வியாசெம்ஸ்கி கோகலுக்காக வாதாடினார். அந்தக் கோடையிலேயே இளவரசர் சித்சியானவ் ‘உண்மையான ரெவிசோர்’ என்று ஒரு தொடர்ச்சியை எழுதி மேடையேற்றினார். அதில் நிஜ அதிகாரி வந்து ஊரை ஒழுங்குபடுத்துகிறார். அந்த நாடகத்தை இன்று யாரும் நடிப்பதில்லை. ஆனாலும் அது எழுதப்பட்டதே பெரிய சாட்சியம். கோகல் திறந்தபடியே விட்ட கதவை உடனே சாத்தியாக வேண்டும் என்று மேல்தட்டு துடித்திருக்கிறது. எல்லாம் சரியாகிவிடும், மேலே நல்லவர் இருக்கிறார் என்ற ஆறுதல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. கோகல் அந்த ஆண்டு ஜூனில் மனம் நொந்து நாட்டைவிட்டே போனார்.

நாடகத்தைப் பற்றிய மிக வினோதமான விளக்கம் அதன் ஆசிரியரிடமிருந்தே வந்தது. 1842இல் அவர் நாடகத்தைத் திருத்தி வெளியிட்டார். பார்வையாளர்களைப் பார்த்து யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று நகர அதிகாரி கேட்கும் இடம் அப்போது சேர்ந்தது. 1846இல், மதச் சிந்தனை அவரை முழுவதும் ஆட்கொண்டிருந்த காலத்தில், ‘ரெவிசோரின் முடிவு’ என்றொரு பின்னிணைப்பு எழுதினார். அதன்படி அந்த ஊர் நம் ஆன்மாவின் ஊர். அதிகாரிகள் நம் ஆசைகள். க்லெஸ்தகோவ் உலகத்துக்கு வளையும் போலி மனச்சாட்சி. கடைசியில் வரும் உண்மையான அதிகாரி, கல்லறை வாசலில் நம்மை எதிர்கொள்ளும் மெய்யான மனச்சாட்சி.

இந்த விளக்கத்துக்குத் தனி அழகு உண்டு. அதை எழுதிய மனிதரின் வேதனையும் பொய்யில்லை. ஆனால் இவனோவாவை அதில் எங்கே வைப்பது? நீதிபதி ஓர் ஆசை, அஞ்சல் அதிகாரி ஓர் ஆசை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் உட்கார முடியாத பெண் ஆன்மாவின் எந்தக் கூறு? கணவனைப் படைக்குப் பறிகொடுத்த பஷ்லியோப்கினா எந்த ஆசை? வீங்கிய உதடு எந்த மனச்சாட்சி? உருவகம் அதிகாரிகளை எல்லாம் கரைத்துக் குடித்துவிடுகிறது. மனுதாரர்களிடம் வரும்போது நின்றுபோகிறது. அவர்களைக் கணக்கில் எடுக்காமல்தான் கோகலால் அந்த விளக்கத்தையே எழுத முடிந்தது.

அதை உடனே மறுத்தவர் நடிகர் மிகயில் ஷெப்கின். மாஸ்கோ மாலி அரங்கில் 1836 மே 25 முதல் நகர அதிகாரியாக நடித்தவர் அவர். கோகல் அந்தப் பின்னிணைப்பை அவருடைய பயன்காட்சிக்கென்றே எழுதியிருந்தார். 1847இல் ஷெப்கின் எழுதிய பதிலின் சாரம் இது: இவர்கள் அதிகாரிகளல்ல, நம் ஆசைகள் என்று எனக்குக் குறிப்புக் காட்டாதீர்கள், இவர்கள் உயிருள்ள மனிதர்கள், இவர்கள் நடுவில்தான் நான் வளர்ந்தேன், கிட்டத்தட்டக் கிழவனும் ஆனேன். ஷெப்கின் 1788இல் பண்ணையடிமையாகப் பிறந்தவர். முப்பது வயதைக் கடந்த பிறகே விடுதலை பெற்றவர். பிரம்பு என்பது அவர் பிறந்த உலகில் அன்றாடப் பொருள். கோகல் விமர்சனத்தின் வரலாற்றில் எத்தனையோ பேரறிஞர்கள் இருக்கிறார்கள். நாடகத்தை அதன் ஆசிரியரிடமிருந்தே காப்பாற்றியவர் என்று நான் ஷெப்கினைத்தான் சொல்வேன்.

இருபதாம் நூற்றாண்டில் எதிர்த் திசையிலிருந்து ஒரு வாதம் வந்தது. விளதீமிர் நபகோவ் 1944இல் அமெரிக்காவில் வெளியிட்ட கோகல் நூலில், ‘ரெவிசோரை’ச் சமூக அங்கதமாகப் படிப்பவர்களைக் கடுமையாகச் சாடினார். அவரைக் கவர்ந்தவை, ஒரு துணைவாக்கியத்தில் திடீரென முளைத்து உயிர்பெற்று அடுத்த கணம் மறைந்துபோகும் மனிதர்கள். முதல் அங்கத்தில் வாசிக்கப்படும் கடிதத்தில் மிகவும் பருத்துப்போய் எப்போதும் வயலின் வாசிக்கும் உறவினர் ஒருவர் வருகிறாரே, அவரைப் போன்றவர்கள். கோகலின் கலையை நபகோவ் அளவுக்கு நுணுகிப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அவர் சொன்ன விதியையே எடுத்துக்கொண்டு பார்த்தால் இவனோவா அதற்கு நேர்மாறாகப் பயணம் செய்கிறாள். முதல் அங்கத்தில் அவளும் ஒரு வாக்கியத்துக்குள் கிடக்கும் நிழல்தான். வயலின்காரர் அந்தக் கடிதத்தோடு போய்விடுகிறார். இவள் போகவில்லை. வாக்கியத்தை விட்டு வெளியே வந்து, அறைக்குள் நுழைந்து, தன் பெயரைச் சொல்லி மனுக் கொடுக்கிறாள். கனவுப் பாத்திரம் அப்படிச் செய்யாது.

1926 டிசம்பர் 9இல் மாஸ்கோவில் இயக்குநர் மெயர்ஹோல்ட் அரங்கேற்றிய தயாரிப்பு நாடகத்தைப் பதினைந்து நிகழ்வுகளாகப் பிரித்துப்போட்டது. மௌனக் காட்சியில் மனிதர்களுக்குப் பதில் பொம்மைகளை நிறுத்தியது. அதே ஆண்டு கவிஞர் வியாசெஸ்லாவ் இவானவ், கோகலின் இந்த நாடகத்தைத் தனிமனிதர் கதையாகப் பார்க்காமல் அரிஸ்டோபனிஸின் நாடகங்களைப் போல ஒரு நகரம் முழுவதன் கதையாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். இவானவின் இந்தக் கருத்து எனக்கு மிக நெருக்கமானது. கோகலே 1847இல் எழுதிய ‘ஆசிரியரின் வாக்குமூல’த்தில், ருஷ்யாவின் கெடுதிகளை எல்லாம் ஒரே குவியலாகச் சேர்த்து ஒரே நேரத்தில் சிரிக்க நினைத்ததாகச் சொல்கிறார். குவியலுக்கு ஒரு மேல்பக்கம் இருந்தால் அடிப்பக்கமும் இருக்கும். நகரம் முழுவதும் மேடையேற வேண்டுமானால் அடிபடுகிறவர்களும் ஏறியாக வேண்டும்.

அரசியல் மேடையிலும் இந்தச் சிறு பாத்திரங்கள் தொடர்ந்து உலவின. 1922 டிசம்பர் கடைசியில் நோய்ப்படுக்கையிலிருந்து லெனின் சொல்லி எழுத வைத்த தேசிய இனக் குறிப்பில், ஜார்ஜியத் தோழர்களிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டவர்களைக் கண்டிக்க அவர் எடுத்த பெயர் தெர்ஷிமோர்தா. நாடகத்தில் ஒன்றிரண்டு வரி மட்டுமே பேசும் காவலரின் பெயர் அது. அந்தக் குறிப்பு சோவியத் நாட்டில் 1956 வரை அச்சேறவில்லை. 1952 அக்டோபரில் 19ஆவது கட்சி மாநாட்டில் கட்சித் தலைவர்களில் ஒருவரான மலென்கோவ், நமக்குச் சோவியத் கோகல்களும் ஷெத்ரின் போன்ற அங்கத எழுத்தாளர்களும் வேண்டும் என்று அறிக்கை படித்தார். அதைச் சொன்ன ஆட்சியில் ஒருவர் மேல் அதிகாரி செய்த கொடுமையை மனுவாக எழுதிக் கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் அறிவார்கள்.

இவனோவாவுக்கு நேர்ந்த கதி இன்னும் துயரமானது. இன்று ருஷ்ய ஏடுகளில் ஓர் அரசியல்வாதியோ நாடோ தன் செயலால் தனக்கே கேடு தேடிக்கொண்டால், சார்ஜெண்ட் விதவையைப் போல் தன்னைத் தானே அடித்துக்கொண்டார் என்று எழுதுவார்கள். யோசித்துப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. அவள் தன்னை அடித்துக்கொள்ளவே இல்லை. அது அடித்தவர் சொன்ன பொய். மேடையில் அந்தப் பொய் ஒரு கணமும் எடுபடவில்லை. அதன் அபத்தமே அங்கே சிரிப்பு. ஆனால் மேடையை விட்டு இறங்கித் தெருவில் நடந்தபோது அது பொருளை மாற்றிக்கொண்டது. நகர அதிகாரியின் வாக்குமூலம் மொழியில் பதிவாகிவிட்டது, அவளுடைய மனு பதிவாகவில்லை. கேலிக்காகச் சொல்லப்பட்டதை மக்கள் உண்மை போலப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டால் அங்கதத்துக்கு எவ்வளவு பெரிய தோல்வி என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அந்த வழக்கை அதன் முதற்பொருளில், அடித்தவர்கள் அடிபட்டவர் மேல் பழி போடுவதைச் சுட்டுவதற்காகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களே கோகலை ஒழுங்காகப் படித்தவர்கள்.

நாடகம் அவளுக்கு என்ன தீர்ப்புத் தருகிறது என்பதும் விவாதிக்கப்பட வேண்டியது. கடைசியில் வரும் காவல் வீரனைக் கண்டு, பேரரசரின் நீதி வந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் 1836இலேயே உண்டு. ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தைப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி நிலைக்காது. மகளுக்குப் பெரிய இடம் கிடைத்துவிட்டது என்ற மிதப்பில் நகர அதிகாரி போடும் முதல் உத்தரவுகளில் ஒன்று, தன் மேல் மனுக் கொடுத்தவர்கள் அத்தனை பேரையும், முக்கியமாக அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர்களையும் குறித்துவை என்பதுதான். பிறகு வணிகர்கள் வந்து மன்னிப்புக் கேட்டுப் பேரம் முடித்துக்கொள்கிறார்கள். பெண்கள் வருவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் நீள வேண்டும் என்று கோகல் குறித்திருக்கும் மௌனக் காட்சியில் அதிகாரிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், விருந்தினர், காவலர் எல்லோரும் நிற்கிறார்கள். மனுதாரர்களுக்கு அதில் இடம் கொடுக்கப்படவில்லை. வந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவர் முதலில் சந்திக்கப்போவது அதே நகர அதிகாரியைத்தான். அந்தச் சந்திப்பில் இவனோவாவின் விவகாரம் எந்தப் படியில் சொல்லப்படும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். ருஷ்யாவில் உடல் தண்டனையின் பெரும்பகுதியை நீக்கிய ஆணை 1863 ஏப்ரல் 17இல்தான் வந்தது. உழவர் மேல் பிரம்பு 1904 வரை நீடித்தது.

இந்த நாடகத்தை மேடையேற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து அங்கங்களைச் சுருக்கும்போது கத்தரி முதலில் போய் நிற்பது மனுதாரர்களின் காட்சியில்தான். கதைக்கு அது தேவையில்லை, ஆட்கள் மிச்சமாவார்கள் என்று நினைக்கத் தோன்றும். அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஓர் ஆள்மாறாட்டக் கதை; முட்டாள் அதிகாரிகளை ஒரு சின்னப் பையன் ஏமாற்றிய வேடிக்கை. யாரை ஏய்த்து அவர்கள் கொழுத்தார்கள் என்பது பார்வையாளருக்குத் தெரியாமலே போய்விடும். அந்த வேடத்தைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுக்காமல், குழுவிலேயே தேர்ந்த நடிகையிடம் கொடுக்க வேண்டும். அவர் அழ வேண்டாம், ஊமைச் சோகமும் காட்ட வேண்டாம். அபராதம் கேட்கும் இடத்தில், சந்தையில் சரக்குக்கு விலை சொல்லிப் பழகிய ஒரு வியாபாரிப் பெண்ணின் நேர்த்தியோடு, தொகை வந்தாக வேண்டும் என்ற உறுதியோடு, க்லெஸ்தகோவின் கண்ணைப் பார்த்துக் கேட்டால் போதும்.